மண் நன்றாக இருந்தால் பூச்சி வராதா?

தொட்டிச்செடி: மிளகாய் இலைகள் சுருண்டு கிடக்கின்றன. கத்தரியில் நுனித் தளிர் மட்டும் வாடித் தொங்குகிறது. வெண்டைக் காம்பு முழுக்க மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. ஒரே ஒரு முறை ரசாயன மருந்து அடித்துவிட்டு அப்புறம் இயற்கைக்குத் திரும்பலாமா?

எருக்குழி: வேண்டவே வேண்டாம். மண் வலுவாக இருந்தால் பூச்சி அண்டாது. மட்கிய தொழுவுரம், மண்புழு உரம், மேலே காய்ந்த இலை மூடாக்கு. இவ்வளவுதான் மருந்து.

நேர்வழி: அண்ணே, மண் வலுவாகும் வரை செடி காத்திருக்குமா? இமிடாகுளோப்ரிட் என்ற ரசாயனப் பூச்சிமருந்தை ஒரு தடவை அடித்து, லேபிளில் போட்டிருக்கும் நாள்வரை காய் பறிக்காமல் இருந்தால் முடிந்தது கதை. வேப்பெண்ணெயை நம்பி மாசக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண்.

சந்தேகசாமி: இரண்டு பேருமே செடியைப் பார்க்காமல் சீட்டு எழுதுகிறீர்கள். தொட்டிச்செடி, மிளகாய் இலை மேல்பக்கமாக, படகு மாதிரி சுருண்டிருக்கிறதா, கீழ்ப்பக்கமாகவா? மேல்நோக்கி என்றால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி என்றால் சிலந்தி, அதாவது சாறு உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப்பேன், வலை பின்னும் சிலந்தி அல்ல. இந்தச் சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் இனம். இமிடாகுளோப்ரிட் அதைக் கொல்லாது. அதைத் தின்னும் எதிரிகள் செத்து, சிலந்திப்பேன் இன்னும் பெருகவும் வாய்ப்புண்டு.

எருக்குழி ஐயாவுக்கு ஒன்று: வெள்ளை ஈ மண் பரிசோதனை செய்துவிட்டா இலையில் உட்காருகிறது? நல்ல மண்ணில் செடி அடியைத் தாங்கும், சீக்கிரம் துளிர்க்கும். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூச்சி வராது என்பது அதிகப்படி. சொல்லப்போனால், வாரம் தவறாமல் புண்ணாக்குக் கரைசலை ஊற்றுகிறவர்கள் செடியில்தான் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும். தழைச்சத்து மிஞ்சினால் தளிர் மெத்தென்று சாறு நிறைந்து வரும். அது கடைச்சரக்கா வீட்டுச்சரக்கா என்று அசுவினி கேட்காது.

எருக்குழி: புண்ணாக்கை அளவில்லாமல் ஊற்றச் சொன்னது யார் தம்பி? நான் சொன்னது மட்கிய எரு. அதில் சத்து மெல்லத்தான் இறங்கும். மூடாக்கு போட்ட இடத்தைக் கிளறிப் பாருங்கள், தரையோடு ஓடும் சிலந்திகளும் வண்டுகளும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அவை உங்கள் ஆட்கள். மருந்து அடித்தால் முதலில் போவது அவைதான்.

நேர்வழி: "இயற்கை" என்றதும் எல்லாம் சாது என்று நினைப்பதுதான் எனக்கு எரிச்சல். புகையிலைக் கரைசல் அடிக்கிறீர்களே, அதில் இருப்பது நிக்கோட்டின். தோலில் பட்டாலே உடம்புக்குள் இறங்கும் விஷம். இமிடாகுளோப்ரிட்டும் பூச்சியின் நரம்பில் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. ஒன்று பாட்டி வைத்தியம், இன்னொன்று பாவமா?

சந்தேகசாமி: புகையிலை விஷயத்தில் உங்கள் கட்சி நான். போதாக்குறைக்கு, புகையிலை வழியாகத் தக்காளிக்குத் தேமல் வைரஸும் வரலாம். ஆனால் இமிடாகுளோப்ரிட் செடிக்குள் ஊடுருவிப் பூவின் தேன், மகரந்தம் வரை போகிறது. தேனீக்களுக்கு ஆபத்து என்றுதான் 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குத் திறந்தவெளியில் தடை போட்டது. பூத்து நிற்கும் காய்கறியில் எதற்கு அந்த வம்பு?

வேப்பெண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள அசாடிராக்டின் அடித்தவுடன் சாகடிக்கும் சரக்கு இல்லை. பூச்சியைத் தின்னவிடாது, இளம்பூச்சியைத் தோலுரித்து வளரவிடாது. வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். மாவுப்பூச்சிக்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, பிறகு சோப்புக் கரைசல். எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புச் சாற்றுக்காக எறும்பே அதற்குக் காவல் நிற்கும்.

இன்னொன்று. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் சற்றுப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகளோடு விறுவிறுவென நகரும் புழு தெரிந்தால் நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. உருவம் அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருப்பதால் பாதிப் பேர் அதைத்தான் முதலில் கொல்கிறார்கள்.

தொட்டிச்செடி: பார்த்துவிட்டேன். மிளகாய் இலை கீழ்நோக்கித்தான் சுருண்டிருக்கிறது. வாடிய கத்தரித் தளிரைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு.

சந்தேகசாமி: அது தண்டு, காய்த் துளைப்பான். முட்டை பொரிந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே புகுந்துவிடும், பிறகு எந்தக் கரைசலும் எட்டாது. வாடிய தளிரைக் கீழே ஒரு விரல்நீளம் சேர்த்து வெட்டிக்கொண்டே இருங்கள். மிளகாய்ச் சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) கேட்கும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது கழியட்டும், இல்லையென்றால் இலை கருகும். கொளுத்தும் வெயிலிலும் அடிக்காதீர்கள்.

நேர்வழி: கந்தகம் மட்டும் ரசாயனம் இல்லையாக்கும்!

எருக்குழி: இயற்கை வேளாண்மையில் அதற்கு அனுமதி உண்டு தம்பி. எனக்கு அதுவும் பிடிக்காது, அது வேறு விஷயம்.

தொட்டிச்செடி: வெட்டிய தளிர்களை எருத்தொட்டியில் போடலாமா?

எருக்குழி: கூடாது. புழு அதிலேயே கூடு கட்டி அந்துப்பூச்சியாக வெளியே வரும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நல்ல வெயிலில் போடுங்கள். புழு செத்தபிறகு எருவில் சேர்க்கலாம்.