மறு: ‘பொசெஷன்’ – தனியுடைமையா, புழங்குடைமையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை வாசிப்புக்கான மொழிபெயர்ப்பில் ‘அனார்க்கிசம்’ என்பதற்கு ‘அராஜகம்’ வேண்டாம், ‘அரசின்மைவாதம்’ போதும் என்று முடிவாகிவிட்டது. நல்லது. அராஜகம் என்றாலே அடாவடி என்றாகிவிட்ட பிறகு அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஆனால் பெரிய இடறல் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ‘பிராப்பர்ட்டி’, ‘பொசெஷன்’ இரண்டுக்கும் ‘தனியுடைமை’ என்றே போட்டு வைத்திருக்கிறோம். அப்படிப் போட்டால் பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோன் சொன்னது எதுவும் நிற்காது.

சொத்து என்பது திருட்டு என்று அவர் எழுதியது 1840-இல். அதே நூலில்தான் தன்னை அரசின்மைவாதி என்றும் சொல்லிக்கொண்டார். அச்சுக்கோத்துப் பிழைத்தவர், சொல்லைத் தேர்ந்து வைப்பவர். உழாமல், குடியிருக்காமல், உரிமைக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாடகையும் குத்தகையும் வாங்குவதைத்தான் திருட்டு என்றார். உழுகிறவர் கையிலுள்ள நிலத்தையும், குடியிருப்பவரின் வீட்டையும் அவர் அதில் சேர்க்கவில்லை. அதற்கு ‘பொசெஷன்’ என்று தனிப்பெயர் வைத்தார். நம் வரைவைப் படிக்கிறவர் “அப்படியானால் என் செருப்பும் திருட்டா?” என்று கேட்டால் தப்பு அவருடையதல்ல, நம்முடையது.

யீஷூன் அக்கா கேட்டது:

> சட்டத் தமிழில் அனுபோகம், சுவாதீனம் எல்லாம் இருக்கின்றனவே. புதுச்சொல் எதற்கு?

அக்கா, நீங்கள் கேட்டதால்தான் அப்பாவின் பெட்டியைத் திறந்து பழைய கிரயப் பத்திரத்தை எடுத்தேன். மன்னார்குடிப் பக்கம் இரண்டு மா நன்செய். மடிப்பில் கிழிந்து, ஓரம் பழுத்திருக்கிறது. நிலத்தைச் சுவாதீனம் ஒப்படைத்துவிட்டதாகவும், இனி ‘சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ வேண்டியது என்றும் எழுதியிருக்கிறது. அப்பா அந்த வயலில் ஒரு நாளும் இறங்கியதில்லை. அவர் இங்கே சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். உழுது, நாற்றுவிட்டு, வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டைபோட்டது வேறொரு குடும்பம். ஆனால் பத்திரப்படி ஆண்டு அனுபவித்தவர் அப்பாதான்! இந்தச் சொற்களெல்லாம் எப்போதோ பத்திரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டன. அந்தக் குடும்பத்துக்கும் அந்த வயலுக்கும் இருந்த உறவைச் சொல்ல நமக்கு ஒரு சொல் வேண்டும். ‘உழுதவனுக்கே நிலம்’ என்று ஊரில் முழங்கியதெல்லாம் அந்த உறவைத்தானே?

‘ஆட்சி’யை விட எனக்கு மனமே வரவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் சுந்தரரைத் தன் அடிமை என்று வழக்காடிய கிழவரிடம் ஆட்சி, ஆவணம், காட்சி என மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். ஆவணத்தில் சேராமல் தனியே நிற்கும் அந்த ‘ஆட்சி’, நெடுநாள் கைக்கொண்டு வந்த வழக்கம். பெரியபுராணத்திலேயே இந்தப் பிரிவு இவ்வளவு துலக்கமாக இருக்கிறது. ஆனால் இன்று ‘அரசின்மைவாதி ஆட்சியை ஏற்கிறார்’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறிப்போவார்.

அதனால்தான் ‘புழங்குடைமை’ என்கிறேன். புழங்குகிற அறை, புழங்குகிற பாத்திரம் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். புழங்காத பித்தளை களிம்பேறிவிடும் என்பார் அம்மா. இலக்கணப்படி வினைத்தொகை: புழங்கிய, புழங்குகிற, புழங்கும் மூன்றும் அதற்குள் அடங்கும். இந்தக் காலம் மறைந்த தன்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அரசின்மைவாதிகளுக்குள் நடந்த சண்டையே அந்த இடத்தில்தான். ஜூரோங் அண்ணன் அதைச் சரியாகப் பிடித்துவிட்டார்:

> ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தால் வீடு யாருடையது?

அண்ணே, தேக்கா உணவங்காடியை நினைத்துப் பாருங்கள். டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்து ‘சோப்’ செய்துவிட்டு, அதாவது இடம்பிடித்துவிட்டு, தோசைக்கு வரிசையில் நிற்கிறோம். தட்டை ஏந்தி இடம் தேடுகிறவரும் அதை மதித்து நகர்ந்துபோகிறார். பாக்கெட்டை வைத்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டால் மதிக்கமாட்டார். எங்கே எல்லை என்பதை அக்கம்பக்கத்து வழக்கம்தான் வகுக்கிறது. 1881 முதல் 1908 வரை அமெரிக்காவில் ‘லிபர்ட்டி’ இதழை நடத்திய பெஞ்சமின் டக்கர் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். அவருக்குச் சந்தை பகையல்ல. ஆனால் தானிருந்து பயன்படுத்தாத நிலத்துக்கு வாடகை வாங்குவதை ஏற்கமாட்டார்.

அமெரிக்கப் பொருளியலாளர் ரோத்பார்டு இதற்கு நேர் எதிர். காடு திருத்தியவருக்கு நிலம் சொந்தம். அதன்பின் அவர் விற்கலாம், வாடகைக்கு விடலாம், சும்மாவும் போட்டு வைக்கலாம். அவருக்குச் ‘சொத்துரிமை’ என்ற ஒரு சொல்லே போதும். அவரை அரசின்மைவாதி என்றே ஏற்காதவர்கள் அந்த மரபில் நிறையப் பேர். ரஷ்ய அரசின்மைவாதி குரோப்போட்கினோ 1892-இல் வந்த நூலில் வீட்டையும் கருவியையும் சேர்த்தே எல்லார்க்கும் பொதுவாக்கச் சொன்னார். எவருடைய மேற்சட்டையையும் பிடுங்க வரவில்லை என்றும் சொன்னார். அவர் வரும் இடங்களில் ‘பொதுவுடைமை’ இருக்கட்டும், ‘அரசுடைமை’ எட்டிப் பார்க்கவே கூடாது.

> வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு புழங்குடைமைதானே? குறைந்தது 5 ஆண்டு குடியிருந்த பிறகுதானே விற்க விடுகிறார்கள்?

இல்லை தம்பி. குடியிருக்கும் விதி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அடிநிலம் அரசுடையது, நம் கையிலிருப்பது 99 ஆண்டுக் குத்தகை. இதை எடுத்துக்காட்டாகப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ‘பிராப்பர்ட்டி’க்கு நீங்கள் சொன்ன ‘சுரண்டலுடைமை’யும் வேண்டாம். புரூதோன் இறந்தபின் 1866-இல் வெளிவந்த நூலில், அரசின் வலிமைக்கு எதிர்நின்று தாங்குவதும் சொத்துதான் என்கிறார். இரண்டு இடத்துக்கும் பொருந்த, சொல்லில் வசை இருக்கக்கூடாது. ‘சொத்து’ என்று வெறுமனே விடுவோம்.

காடு திருத்தி வரும் உரிமைக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. ‘திருத்துரிமை’ என்று எழுதிப் பார்த்தேன், மெய்ப்புத் திருத்தும் உரிமை போல் ஒலிக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் மூன்றாம் இயலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து