நீலப் புகை விடும் டீசல் கார்: இன்ஜின் வேலை பார்த்துட்டு விற்கிறதா, அப்படியே தள்ளிவிடுறதா?

ஈரோட்டுக்காரன்: 2012 மாடல் 1.3 டீசல் ஹேட்ச்பேக், 1.9 லட்சம் கிலோமீட்டர் ஓடினது. கொஞ்ச நாளா நீலப் புகை, ஆயிலும் குறையுது. ஒர்க்ஷாப்ல சத்தத்தைக் கேட்டுட்டே "இன்ஜின் பிரிக்கணும், 85 ஆயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. புரோக்கர் இப்படியே 1.4 லட்சத்துக்குக் கேட்கிறார். புகை இல்லைன்னா 2.1 வரை போகுமாம். என்ன பண்ணலாம்ங்க?

சேலம் ஸ்பேனர்: கை வைக்காதீங்க. 85 ஆயிரம் போட்டு 70 ஆயிரம் கூட எடுக்கிறது என்ன கணக்கு? அதுவும் 85ல நிக்காது. இன்ஜின் மேல்மூடியான ஹெட்டை இறக்கினதும் சிலிண்டர் உள்சுவர் (போர்) தேஞ்சிருக்கு, கடைசல் பட்டறைக்கு (லேத்துக்கு) அனுப்பணும்பாங்க. அப்புறம் ஓவர்சைஸ் பிஸ்டன், பேரிங், கையோட டைமிங் செயினும் மாத்திடலாம்பாங்க. "இன்ஜின் பிரிக்காத வண்டி"ன்னு போட்டுத்தானே நம்ம ஊர்ல விளம்பரமே பண்றாங்க? வாங்க வர்றவர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக், இன்ஜினைத் திரும்ப மூடுறப்போ பூசுற கேஸ்கெட் பேஸ்ட் பிதுங்கி நிக்கிறதைப் பார்த்தே 20 ஆயிரம் குறைப்பான்.

டீசல் மாமா: ஸ்பேனர் தம்பி புரோக்கர் சொன்ன விலையை வேதவாக்கா எடுத்துக்கிறார். புகைக்குன்னு புரோக்கர் கழிக்கிறது ரிப்பேர் செலவை மட்டும் இல்ல, அவரோட பயத்தையும் லாபத்தையும் சேர்த்து. இது 1.3 ஃபியட் இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் மூணு பேர் வண்டியிலயும் ஓடினது, ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும். பிஎஸ்6 புகை விதி வந்தப்போ, 2020ல, மாருதி டீசலையே விட்டுடுச்சு. சின்ன டீசல் கார் வேணும்னு தேடுறவங்க பழசுக்குத்தான் வரணும். பில்லைக் கையில வெச்சு நேரா ஒரு குடும்பத்துக்கு வித்துப் பாருங்க.

சேலம் ஸ்பேனர்: மாமா, 2027ல வண்டிக்கு 15 வருஷம் முடியுது. ஆர்சி புதுப்பிக்கவே 5,000, அதுக்கு மேல பசுமை வரி. அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க, உங்க பிஸ்டனை இல்ல.

டீசல் மாமா: அதையேதான் நானும் சொல்றேன். புதுப்பிக்கணும்னா ஆர்டிஓ முன்னாடி வண்டியைக் காட்டணும். இவ்வளவு புகையோட காட்ட முடியுமா?

ஹைவே ராஜா: எதுக்கு இவ்வளவு பேச்சு? சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடையில ஹாஃப் இன்ஜின் (ஹெட் இல்லாத கீழ்பாதி) வாங்கி மாட்டுங்க. இல்லைன்னா 20டபிள்யூ50 கெட்டி ஆயில் ஊத்துங்க, பத்து நாளைக்குப் புகை அடங்கும். அதுக்குள்ள வித்துடலாம்.

லேத்துப்பட்டறை: ராஜா, அந்தக் கீழ்பாதியில இருக்கிற பிளாக் மாறினா இன்ஜின் நம்பரும் மாறும். ஆர்சியில ஏத்தாம வித்தா பெயர் மாத்தப் போற இடத்துல மாட்டும். கெட்டி ஆயில் யோசனை அதைவிட மோசம். கேட்காததைச் சொல்லாம விடுறது ஒண்ணு, குறையை மறைக்கவே வேலை பார்க்கிறது வேற. 1872 ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவுல மோசடின்னு சொல்றது இந்த ரெண்டாவதைத்தான்.

ஸ்பேனரும் மாமாவும் ரிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கிற வளையம்) போச்சுன்னு முடிவு பண்ணிட்டே சண்டை போடுறீங்க. யார் பார்த்தது? நீலப் புகைன்னா ஆயில் எரியுது, அவ்வளவுதான். ராத்திரி நின்ன வண்டி காலையில முதல் ஸ்டார்ட்டுல புகைஞ்சு அடங்கினா வால்வு வழியா ஆயில் இறங்காம தடுக்கிற வால்வு சீல் மேல சந்தேகம். மிதிக்க மிதிக்க வந்துட்டே இருந்தா ரிங்கா இருக்கலாம், இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற டர்போவாவும் இருக்கலாம். டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸைக் கழட்டிப் பாருங்க, உள்ளே ஆயில் தேங்கி நின்னா டர்போவைத்தான் முதல்ல பார்க்கணும். ஐடிலிங்ல ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு காத்து தள்ளுதா? அப்போ ரிங் மேல சந்தேகம். கடைசியா லீக்டவுன் டெஸ்ட். சிலிண்டருக்குள்ள காத்தை ஏத்தினா, ரிங் போயிருந்தா ஆயில் மூடி வழியா வரும், எக்ஸாஸ்ட் வால்வு போயிருந்தா சைலன்சர்ல கேட்கும், ஹெட் கேஸ்கெட்னா ரேடியேட்டர்ல குமிழி. இதுல ஒண்ணுகூடப் பண்ணாம 85 ஆயிரம் சொன்ன ஒர்க்ஷாப்பை நான் நம்ப மாட்டேன். சீல் மட்டும்னா அந்தத் தொகையில சின்னப் பங்குதான் ஆகும்.

ஈரோட்டுக்காரன்: காலையிலதாங்க அதிகம். பவானி ரோட்டுல ஓட்டும்போது கண்ணாடியில பார்த்தா ஒண்ணும் தெரியலை.

லேத்துப்பட்டறை: அப்போ டெஸ்ட் பார்க்காம யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க, புரோக்கருக்கும் சேர்த்துத்தான்.

சேலம் ஸ்பேனர்: சீல்னா மாத்துங்க, நான் தடுக்கலை. ரிங்னா பிரிக்காதீங்க. ரிப்போர்ட்டை வாங்குறவர் கையிலயே கொடுத்து 1.6 கேளுங்க. என்ன கோளாறுன்னு தெரிஞ்ச வண்டிக்குத் தெரியாத வண்டியைவிட நல்ல விலை வரும்.

டீசல் மாமா: ரிங்னாலும் நான் பிரிக்கத்தான் சொல்வேன். 1.6க்கு வாங்குறவன் அதே வேலையைப் பார்த்து 2.3க்கு விப்பான்.

சேலம் ஸ்பேனர்: அவன் பட்டறைக்காரன் மாமா, அவனுக்கு லேபர் சும்மா. நம்ம ஈரோட்டு அண்ணனுக்கு யார் சும்மா பண்ணித் தருவா?

ஈரோட்டுக்காரன்: சனிக்கிழமை டெஸ்டுக்கு விடுறேன். அந்த ஒர்க்ஷாப்லயே கேட்கலாமா, வேற இடத்துக்குப் போகணுமாங்க?

லேத்துப்பட்டறை: வேற இடம். பழைய எஸ்டிமேட்டைக் காட்டாதீங்க.