பிரித்துக் கட்டிய டர்போ ரோட்டரியில் அடங்காத புகை: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மெல்பர்ன்வாசி:

என் வண்டி மாஸ்டாவின் எஃப்டி ஆர்எக்ஸ்-7. பிஸ்டனுக்குப் பதிலாக இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் 13பி-ஆர்ஈடபிள்யூ ரோட்டரி என்ஜின், பிரித்துக் கட்டியது. அதில் இருந்த இரட்டை டர்போக்களை (வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பவை) எடுத்துவிட்டுப் பால் பேரிங் வைத்த ஒற்றை டர்போ பொருத்தியிருந்தேன். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகை இல்லை, ஓடும்போதும் இல்லை. ஆனால் சூடேறிய என்ஜின் சிக்னலில் இரண்டு நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டால், அடுத்து ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே பயமாக இருக்கும்.

ஒரு மாலை டாண்டினாங்கில் பச்சை விழுந்ததும் கிளம்பினேன். பின்கண்ணாடியில் தெருவையே காணவில்லை. பின்னால் நின்ற வேனின் முகப்பு விளக்குகள் மட்டும் நீலப்புகைக்குள் இரண்டு மஞ்சள் பொட்டுகளாகத் தெரிந்தன. பக்கத்துக் காரில் இருந்த சிறுவன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தான்.

கம்ப்ரெஷன் (எரியறையில் ஏறும் அழுத்தம்) ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களிலும் ஒரே சீராக, சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல் இருந்தது. ஆகவே என்ஜின் நலம் என்று முடிவு செய்தேன். டர்போவின் சீல் போய்விட்டது என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள், வேறு டர்போ வாங்கிப் போட்டேன், அதே புகைதான் வந்தது. கடைசியில் நானே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான், டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வடியும் குழாய் 10 மில்லிமீட்டர் உள்விட்டத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் படுக்கைவசமாக ஓடுவது தெரிந்தது. அந்தக் குழாயில் ஆயிலைத் தள்ள எந்த அழுத்தமும் கிடையாது; தன் எடையால் மட்டுமே, அதுவும் நுரையோடு, வடிய வேண்டும். 19 மில்லிமீட்டர் குழாயை நல்ல சரிவாகப் பொருத்திவிட்டு ஸ்டார்ட் செய்தேன். அப்போதும் புகைந்தது.

அன்றிரவே என்ஜினைக் கட்டிக் கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, அவருக்கு ரோட்டரி கட்டத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கொண்டு வாருங்கள், பிரித்துப் பார்ப்போம்" என்றார். மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டியபின் புகை நின்றது. சைலன்சருக்குள் தேங்கிக் கிடந்த பழைய ஆயில்தான் அதுவரை எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவரை நான் இன்னும் திரும்ப அழைக்கவில்லை.

ஆக்லாந்து ரோட்டரி:

உங்கள் கதைக்கு நேர் எதிரானது என்னுடையது. சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் என் வண்டி புகைவிடாது. ஆனால் இரவு முழுக்க நின்ற என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், முதல் ஒரு நிமிடத்துக்கு எதிர்வீட்டு வேலி மறைந்துவிடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

முன் ரோட்டரின் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளில் முதலில் பொறிவிடும் லீடிங் பிளக்கைக் கழற்றினேன். கரண்டியிலிருந்து நல்லெண்ணெய் இறங்குவதுபோலக் கறுப்பாக ஓர் இழை அதன் முனையிலிருந்து நீண்டு, அறுந்து, என் மணிக்கட்டில் விழுந்தது. பின் ரோட்டரின் பிளக்குகள் இரண்டும் உலர்ந்த சாம்பல் நிறத்தில் இருந்தன. ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பதே ஆயில்தான். என்ஜின் நின்றபின் அந்த ஆயில் அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய, ரோட்டரின் பக்கவாட்டு ஆயில் வளையங்களைத் தாண்டிக் கசிந்து, விடிவதற்குள் எரியறையின் அடியில் குளமாகிவிடுகிறது.

பிரித்துப் பார்த்தேன். அந்த வளையங்களின் ரப்பர் ஓ-ரிங்குகள் புதியவை, குறை அவற்றில் இல்லை. ஆயில் வளையத்தின் அடியில் இருக்கும் ஸ்பிரிங்குக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் உண்டு. அதில் ஒன்று பக்கம் மாறி உட்கார்ந்திருந்தது. கட்டியது வேறு யாருமல்ல, நானேதான். எங்கள் சாப்பாட்டு மேசையில், பழைய போர்வையை விரித்து வைத்துக் கட்டினேன். அந்த ஸ்பிரிங்கைக் கையில் எடுத்த நேரத்தில் தொலைபேசி அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யார் அழைத்தது என்பதுதான் நினைவில்லை.

டொரொன்டோ டர்போ 2:

மெல்பர்ன் நண்பருக்கு ஒரு மறுப்பு. கம்ப்ரெஷன் சீராக இருந்ததால் என்ஜின் நலம் என்று முடிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் அது சரியாக அமைந்தது தற்செயல். கம்ப்ரெஷன் சோதனை, ரோட்டரின் முனையிலும் பக்கத்திலும் மூலையிலும் வாயுவை அடைக்கும் ஏபெக்ஸ் சீல், சைடு சீல், கார்னர் சீல் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசும், ஆயில் வளையங்களைப் பற்றி அது வாய் திறக்காது. இன்னும் சொன்னால், எரியறைக்குள் கசிந்த ஆயில் சீல்களின் இடைவெளியை அடைத்துவிடுவதால் எண் உயர்ந்துகூடத் தெரியும். ஆக்லாந்து நண்பரின் முன் ரோட்டரும் கம்ப்ரெஷனில் தேறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

என் கதை சிறியது. ஆர்எக்ஸ்-7இன் முந்தைய தலைமுறையான எஃப்சி டர்போ 2 வண்டி, பிரித்துக் கட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. பனிக்காலம் தொடங்கிவிட்டதால், பின்னால் வந்த வெண்புகையை நீராவி என்றே நினைத்தேன். அந்தக் குளிரில் தெருவில் எல்லா வண்டிகளும்தான் வெண்மையாக மூச்சுவிடுகின்றன. மற்றவற்றின் புகை நான்கடி போவதற்குள் கரைந்துபோக, என்னுடையது மட்டும் தெருமுனைவரை தொங்கிக்கொண்டு நின்றது. அதில் ஓர் இனிப்பு வாடை இருந்தது. கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்ததற்கான எச்சரிக்கை ஒலித்தபோதும் சென்சாரைத்தான் சந்தேகித்தேன். மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்ததும், ஊற்றும் வாயில் சோடா பாட்டிலைப்போலக் குமிழிகள் எழுந்து வந்தன. கூலன்ட்டை எரியறையிலிருந்து பிரித்து வைக்கும் கூலன்ட் சீல் உட்காரும் பள்ளத்தின் சுவர் துருவில் அரித்துப்போயிருந்ததை, கட்டியவர் அப்படியே விட்டுவிட்டார்.

பழைய பட்டறைக்காரன்:

என் அனுபவம் இரண்டே வரி. பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டினேன், எரியறைக்குள் ஆயிலை அளந்து விடும் ஆயில் மீட்டரிங் பம்ப்பும் தன் பங்குக்கு ஊற்றிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். புகை மெல்லியதாகத்தான் வந்தது, ஆனால் மனைவி அந்த வண்டியில் கோயிலுக்கு வர மறுத்துவிட்டார்.

இனி, தம்பிமார் மூவருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இந்த என்ஜின் ஆயிலை எரிக்கவே பிறந்தது. ஏபெக்ஸ் சீல்களுக்காக நாமே ஆயிலை உள்ளே விடுகிறோம். 1967-இல் மாஸ்டாவின் ரோட்டரி கார் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் ரோட்டரி ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கெனிச்சி யமமோட்டோவின் குழு இதே புகையோடு மல்லுக்கட்டியது. அந்தக் கோளாறுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'கச்சி கச்சி யாமா'. முதுகில் சுமந்த விறகு தீப்பிடித்துப் புகைய ஓடும் விலங்கைப் பற்றிய ஜப்பானிய நாட்டுப்புறக் கதையின் பெயர் அது. அவர்களையே ஆண்டுக்கணக்கில் திணறடித்த ஆயில் வளையத்தை நீங்கள் ஓர் ஞாயிற்றுக்கிழமையில் போட்டுவிட்டு, மறுநாளே தெளிந்த காற்றை எதிர்பார்க்கிறீர்கள்.

புதிதாகக் கட்டிய என்ஜின் முதல் நாளில் புகைவதைக் கண்டு யாரும் கலங்க வேண்டாம். சீல்கள் நழுவாமல் இருக்கத் தடவிய வாசலினும், கட்டும்போது பூசிய ஆயிலும் முதலில் எரிந்து தீர வேண்டும். அதன்பிறகும் புகைந்தால், பணம் செலவாகாதவற்றிலிருந்து தொடங்குங்கள். டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தால், ஊற்றும் கழுத்திலுள்ள மூச்சுக்குழாய் வழியே அது டர்போவின் வாய்க்குப் போய்விடும். அந்த மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலும் கேடுதான், ஏனெனில் உள்ளே அழுத்தம் ஏறினால் டர்போவிலிருந்து ஆயில் வடிய வழியிருக்காது. ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து, மட்டமும் ஏறியிருந்து, புகையும் கறுப்பாக இருந்தால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அங்கே டர்போவைத் தொடவே வேண்டாம்.

டர்போவின் தண்டில் இருக்கும் சீல், நீங்கள் நினைப்பதுபோல் ரப்பர் அல்ல. அது பிஸ்டன் வளையத்தைப் போன்ற சிறு உலோக வளையம். சக்கரத்துக்குப் பின்னாலுள்ள வாயு அழுத்தம்தான் ஆயிலைத் தள்ளி நிறுத்துகிறது. ஐடிலில் அந்த அழுத்தம் இல்லாததால், வடிகுழாயில் சிறு தடை இருந்தாலும் ஆயில் அங்கே வெளியேறிவிடும். மெல்பர்ன் தம்பிக்கு நேர்ந்தது இதுதான். அவருடைய இரண்டு டர்போக்களிலும் குறை இருந்திருக்காது. பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் போகும் வழியில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துளையுள்ள கட்டுப்படுத்தி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜினா டர்போவா என்ற வழக்கைத் தீர்க்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, டர்போவிலிருந்து புகையை எடுத்துச்செல்லும் டவுன்பைப்பையும் டர்போவையும் கழற்றிவிட்டு டார்ச் விளக்கோடு குனிவதுதான். டர்போவின் டர்பைன் சக்கரம் நனைந்திருந்து, என்ஜினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் மேனிஃபோல்டின் உட்புறம் உலர்ந்திருந்தால் குற்றவாளி டர்போ அல்லது அதன் வடிகுழாய். மேனிஃபோல்டுக்குள்ளேயே ஈரம் இருந்தால் எந்த ரோட்டரின் துளையிலிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த ரோட்டரின் பிளக்குகளோடு ஒப்பிடுங்கள். எப்படியானாலும், பழுதைச் சரிசெய்ததும் சைலன்சரைக் கழற்றிக் கவிழ்க்காமல் எவரையும் தொலைபேசியில் அழைக்காதீர்கள்.

ஆக்லாந்து ரோட்டரி:

ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. மேலும் என் ஆயில் வளையத்தை ஓர் ஞாயிற்றுக்கிழமையில் போடவில்லை, அதற்கு மூன்று வார இறுதிகள் ஆயின. ஆனால் அந்த விலங்கின் கதையை மகளுக்குச் சொன்னேன்; இப்போது எங்கள் வண்டிக்கு அதுதான் பெயர்.

மெல்பர்ன்வாசி:

டொரொன்டோ நண்பர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். டர்போவை மாற்றியபோது மேனிஃபோல்டின் வாய் என் கண்முன்னே திறந்துதான் இருந்தது, அதற்குள் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் கழற்றிய டர்போ பெட்டியில் இருக்கிறது; தண்டில் ஆட்டமே இல்லை. வேண்டுபவர் தபால் செலவை மட்டும் கொடுத்தால் போதும்.

பிரிஸ்பேன் தம்பி:

எனக்கும் ஒரு மாதமாக இதே நிலைதான். ஐடிலில் நின்று கிளம்பினால் நீலப்புகை வருகிறது, காலையில் புகை இல்லை. இன்று மாலை வேலையிலிருந்து வந்ததும் சைலன்சரைக் கழற்றி, கொட்டகையில் செங்குத்தாகச் சாய்த்து, அடியில் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா வைத்தேன். அது பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. நாளை டவுன்பைப்பைக் கழற்றப் போகிறேன். பழைய பட்டறைக்காரர் ஐயா, மேனிஃபோல்டு நட்டுகள் துருவேறியிருக்கின்றன. என்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றுவதா, ஆறியபின் கழற்றுவதா?