புதுப்பிப்பு: உள்ளங்கையில் நிற்கும் குழந்தை, தூரமும் உயரமும்

அப்பாவைக் கேமராவுக்கு அருகிலும் குழந்தையைத் தூரத்திலும் நிறுத்தி, அப்பாவின் உள்ளங்கையில் குழந்தை நிற்பதுபோலப் படம் எடுக்கும் முறையை இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். கால் அந்தரத்தில் தொங்குகிறது, குழந்தை மங்கலாக விழுகிறது என்றவர்களுக்காக இது.

சமதளத்தில் கேமராவிலிருந்து அப்பா 2 மீட்டர், குழந்தை 10 மீட்டர். படத்தில் அப்பாவோடு ஒப்பிட்டால் குழந்தை ஐந்தில் ஒரு பங்காகச் சிறுக்கும். ஜூம் செய்தால் இந்த விகிதம் மாறாது, தூரம் மட்டுமே மாற்றும். கேமரா 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் உள்ளங்கை 80 செ.மீ. உயரத்தில் வரவேண்டும், அப்பா மண்டியிடட்டும். கை 1 செ.மீ. இறங்கினாலே படத்தில் பாதத்துக்கும் கைக்கும் நடுவே, குழந்தையின் அளவில் 5 செ.மீ. இடைவெளி தெரியும். ஆகவே குழந்தையை நகர்த்தாமல் (அது ஓரிடத்தில் நிற்பதே பெரிது) கையைச் சரிசெய்யுங்கள்.

போனில் போர்ட்ரெய்ட் மோடு (பின்னணியை மங்கலாக்கும் வசதி) வேண்டாம், மங்கலுக்கு அதுதான் காரணம். கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் இருவரும் தெளிவாக விழ, லென்ஸ் 18 மி.மீ., லென்ஸ் துளை எஃப்/11, ஃபோகஸ் அப்பா மீது. மாலை வெயிலில் தரையில் நீளும் நிழல் குட்டை உடைத்துவிடும், மேகமூட்டமே உத்தமம்.