பித்தளை அண்டாவின் ஒலியைக் கன்வல்யூஷன் பிளகினில் ஏற்றினால் குரல் ரீங்காரமாகிவிடுகிறது, சுருதியும் இறங்குகிறது: உதவி தேவை

கேள்வி – கூடத்து மைக்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு தயாரித்துவரும் ஒலி நாடகத்தில், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் பேசுவதாக ஒரு காட்சி வருகிறது. வழக்கமான ஹால், பிளேட் ரிவெர்ப்களை (செயற்கை எதிரொலிகளை)ப் போட்டுப் பார்த்தபோது கிணறு கேட்கவில்லை, கல்யாண மண்டபம்தான் கேட்டது. ஆகவே வேறு வழியாக முயன்று பார்க்கலாம் என்று, வீட்டிலிருக்கும் பெரிய பித்தளை அண்டாவை மரக்கரண்டியால் ஒருமுறை தட்டி, அந்த ஒலியைக் கையடக்க ரெக்கார்டரில் பதிவுசெய்து, நான்கு நொடி நீளத்துக்கு வெட்டி, இலவசமாகக் கிடைக்கும் ஒரு கன்வல்யூஷன் ரிவெர்ப் பிளகினில் அறையின் ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது ஒரே ஓர் அடிக்கு அறை எதிரொலிக்கும் விதத்தின் பதிவு) கோப்புக்குப் பதிலாக ஏற்றினேன்.

இதன் பிறகு எழுந்த சிக்கல்கள் நான்கு. முதலாவது, ஒலி அளவு தாறுமாறாக எகிறுகிறது. வெட் அளவை (பிளகின் வழியாகப் போய்வந்த ஒலியின் அளவை) −30 டெசிபலுக்கும் கீழே இறக்கினால்தான் மீட்டர் சிவப்பை விட்டு வருகிறது. அப்போதும் நடிகை வாக்கியத்தின் முடிவில் குரலைத் தாழ்த்தும் இடத்தில் மட்டும் ஒலி திடீரென்று வெடிக்கிறது. இரண்டாவது, வசனம் புரிவதில்லை. “தூர்த்துவிடாதே” என்ற சொல்லில் வல்லினம் எல்லாம் கரைந்து, “ஊ…ங்…ஏ…” என்ற ரீங்காரமே மிஞ்சுகிறது. மூன்றாவது, அண்டாவின் பதிவை அலைமாலை (எந்த அதிர்வெண் எவ்வளவு என்ற படம்) காட்டும் அனலைசரில் பார்த்தால் மிக வலுவான சுரம் 392 ஹெர்ட்ஸில் நிற்கிறது; பிளகின் வழியாக வரும்போது அது 360 ஹெர்ட்ஸில் கேட்கிறது. நான்காவது, நடிகை ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டபடி பேச முயன்றால், குரல் ஐந்தில் ஒரு நொடி அளவுக்குத் தாமதமாகத் திரும்பி வருகிறது. பதிவை ஓடவிட்டுக் கேட்கும்போதும் தாமதம் முழுவதும் போகவில்லை, சற்றுக் குறைகிறது, அவ்வளவே.

சாம்பிள் ரேட் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது) ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், நாடகத்தின் புராஜெக்டில் 44.1 கிலோஹெர்ட்ஸ். பிளகின் பழுதா, என் முறையில் பிழையா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – தாளக்கட்டு

உங்கள் கடைசிப் பத்தியிலேயே மூன்றாவது கேள்விக்கு விடை இருக்கிறது. 44.1ஐ 48ஆல் வகுத்தால் 0.91875 வரும், 392ஐ அதனால் பெருக்கினால் 360. உங்கள் பிளகின் ஐஆர் கோப்பின் சாம்பிள் ரேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளாமல், அதிலுள்ள சாம்பிள்களைப் புராஜெக்டின் வேகத்தில் அப்படியே வாசிக்கிறது. நான்கு நொடிப் பதிவு 4.35 நொடியாக நீண்டு, சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் இறங்கிவிடுகிறது. கோப்பை நல்ல ரீசாம்பிளர் ஒன்றில் 44.1க்கு மாற்றிவிட்டு ஏற்றினால் இது தீர்ந்துவிடும். இறங்கிய சுருதிதான் காட்சிக்குப் பிடித்திருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடுவதிலும் தவறில்லை. ஆனால் அது தற்செயலாக நடக்காமல், தெரிந்து செய்ததாக இருக்கட்டும்.

பதில் – ரவை மிக்ஸர்

ஒலி அளவுக்கு ஒரு லிமிட்டரைப் பின்னால் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். வெடிக்கும் இடங்களை அது அடக்கிவிடும்.

பதில் – மூன்றாம் மாடி

லிமிட்டரை வைப்பது ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பதைப் போன்றதுதான். வெடிக்கும் இடங்களில் ரீங்காரத்தோடு வசனத்தையும் சேர்த்து அமுக்கிவிடும். வெடிப்பு எதனால் என்று முதலில் பார்ப்போம்.

கன்வல்யூஷன் செய்வது இதுதான்: குரலின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஐஆர் முழுவதையும் ஒருமுறை ஒலிக்கவிட்டு, எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறது. உங்கள் நான்கு நொடிக் கோப்பில் 1,92,000 சாம்பிள்கள் உள்ளன. ஆகவே எந்தக் கணத்திலும் குரலின் அத்தனை பிரதிகள், வெவ்வேறு அளவிலும் வெவ்வேறு தாமதத்திலும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. இதையே அதிர்வெண் பக்கத்திலிருந்து சொன்னால், குரலின் அலைமாலையும் அண்டாவின் அலைமாலையும் பெருக்கப்படுகின்றன. இரண்டிலும் உள்ள அதிர்வெண் பூதாகரமாகிறது. ஏதாவது ஒன்றில் இல்லாதது காணாமல் போகிறது.

ஓர் அறையின் ஐஆர், சிறிது நேரத்துக்குப் பிறகு ஏறத்தாழ இரைச்சலைப் போன்றது. எல்லா அதிர்வெண்களும் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் குரல் அறைக்குள் அடையாளம் இழக்காமல் இருக்கிறது. தட்டப்பட்ட அண்டாவிலோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில சுரங்கள்தான் நீண்டு நிற்கின்றன. அந்த நடிகை வாக்கிய முடிவில் குரலை ஏறத்தாழ 180 ஹெர்ட்ஸுக்கு இறக்குகிறார் என்று ஊகிக்கிறேன். 180இன் இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அதிர்வெண்) 360. உங்கள் அண்டா இப்போது நிற்கும் இடமும் சரியாக அதுவே. சாம்பிள் ரேட்டைச் சரிசெய்த பிறகு வெடிப்பு மறையாது, அவர் 196 ஹெர்ட்ஸைத் தொடும் இடங்களுக்கு நகர்ந்துவிடும். வல்லினம் கரைவதற்கும் காரணம் இதுவே. த, ட, ச ஆகியவற்றைக் காதுக்கு அடையாளம் காட்டும் ஆற்றலில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. மரக்கரண்டியின் மென்மையான தட்டு அந்தப் பகுதியைக் கிளப்பவே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் பதிவுசெய்திருப்பது அண்டாவின் உள்வெளி அல்ல, அதன் சுவர். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது எழும் ஒலியை நினைத்துப் பாருங்கள். நிரம்ப நிரம்ப அது மேலே ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் மிஞ்சியிருக்கும் காற்றின் இடம் சுருங்குகிறது. அதே குடத்தை வெளியே தட்டிப் பார்த்தால், தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். ஜலதரங்கக் கிண்ணங்களைச் சுருதி சேர்ப்பதும் இப்படித்தான். ஒரே பாத்திரத்தில் சுவரின் ஒலி ஒரு திசையிலும் காற்றின் ஒலி மறுதிசையிலும் போகின்றன. கிணற்றுக்குள் பேசும் பெண்ணுக்கு வேண்டியது காற்றின் ஒலி. நீங்கள் அவருக்குக் கொடுத்திருப்பது மணியின் ஒலி.

காற்றின் ஒலியை எடுக்க, அண்டாவுக்குள் ஒரு சிறிய ஸ்பீக்கரைத் துணிமேல் வைத்து, சைன் ஸ்வீப் (கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறும் ஒற்றைச் சுரம்) ஒன்றை ஒலிக்கவிட்டு, வாய்ப்பக்கம் மைக்கைப் பிடியுங்கள். அடுக்கேறும் (ஒவ்வொரு ஆக்டேவுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்து ஏறும்) ஸ்வீப்பைக் கொண்டு அளக்கும் முறையை இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ ஃபரீனா 2000ஆம் ஆண்டில் முன்வைத்தார். ஸ்பீக்கர் தன் பங்குக்குச் சேர்க்கும் ஹார்மோனிக் சிதைவு உண்மையான ஐஆரிலிருந்து தனியே பிரிந்து விழுந்துவிடும் என்பது அதன் அழகு. இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இந்த ஸ்வீப்பையும் தரும், பதிவிலிருந்து ஐஆரைப் பிரித்து வேவ் கோப்பாகவும் கொடுக்கும். ஸ்பீக்கரைப் புளூடூத்தில் இணைக்க வேண்டாம். அதன் சுருக்கமும் தாமதமும் அளவைக் கெடுக்கும், ஒயரையே பயன்படுத்துங்கள். அண்டாவின் வாயைத் தாம்பாளத்தால் முக்கால்வாசி மூடினால் உள்காற்றின் சுரம் கீழே இறங்கி, இன்னும் ஆழமாகக் கேட்கும்.

கூடத்து மைக்

மிக்க நன்றி. கோப்பை 44.1க்கு மாற்றியதும் சுரம் 392இல் வந்து நின்றது. மூன்றாம் மாடி சொன்னபடியே வெடிப்பு வேறு சொற்களுக்குத் தாவிவிட்டது. இவ்வளவு துல்லியமாகத் தாவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. கரண்டி படுவதற்கு முன்னால் 120 மில்லிநொடி அமைதி இருக்கிறது. கடைசி இரண்டு நொடியில் அண்டாவைவிடக் கூடத்து மின்விசிறிதான் அதிகம் கேட்கிறது. தாமதத்துக்கும் இந்த அமைதிக்கும் தொடர்பு உண்டா?

பதில் – தாளக்கட்டு

உண்டு, ஆனால் பாதிதான். ஐஆரின் முகப்பில் இருக்கும் அமைதி குரலை அவ்வளவு நேரம் பிந்தச் செய்யும். பழைய கோப்பில் அது நீண்டு 131 மில்லிநொடி ஆகியிருக்கும். இந்தத் தாமதம் புராஜெக்டுக்குத் தெரியாது, ஆகவே பதிவை ஓடவிடும்போதும் அது ஈடுசெய்யப்படாமல் நிற்கிறது. மீதியைப் பிளகின் சேர்க்கிறது. அது 4,096 சாம்பிள் பிளாக்கில் (அத்தனை சாம்பிள்களைச் சேர்த்துவைத்து ஒன்றாகக் கணக்கிட்டு) வேலை செய்வதாக இருந்தால் 44.1இல் 93 மில்லிநொடி. இதைப் பிளகின் முறையாகத் தெரிவிப்பதால், ஓடவிடும்போது தானாக ஈடாகிவிடுகிறது, நேரலையில் மட்டும் காதில் விழுகிறது. இரண்டையும் கூட்டினால் 224. நீங்கள் சொன்ன ஐந்தில் ஒரு நொடிக்கு அருகில் வருகிறது.

முகப்பை அடி விழும் இடம்வரை வெட்டிவிடுங்கள். பிளகினின் தாமதத்துக்கு வேறு பிளகின்தான் வழி. ஐஆரின் தொடக்கத்தை நேரடியாகவும் பிற்பகுதியை வளர்ந்துகொண்டே போகும் பிளாக்குகளாகவும் கணக்கிட்டால் தாமதமே இல்லாமல் செய்யலாம் என்பதை வில்லியம் கார்ட்னர் 1995இலேயே எழுதிவிட்டார். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரீயாவெர்ப் பிளகினில் தாமதமில்லாமல் இயங்கும் தேர்வு இருக்கிறது, செயலிக்குச் சற்றுச் சுமை கூடும். எளிய வழி, நடிகைக்கு ஹெட்ஃபோனில் அண்டாவைக் கொடுக்காமல் உலர்ந்த (பிளகின் படாத) குரலையே கொடுப்பது.

பதில் – ரவை மிக்ஸர்

லிமிட்டரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மின்விசிறியைப் பற்றி ஒன்று சொல்லலாம்: ஐஆருக்குள் இருக்கும் இரைச்சல் பின்னணியில் சும்மா கிடக்காது. குரல் எழும்போது எழுந்து, குரலின் நிறத்தையே பூசிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் பெருமூச்சைப் போல நீளும். நாய்ஸ் கேட் (ஒலி தாழும்போது வாயிலை அடைக்கும் கருவி) போட்டு இதை நீக்க முடியாது. ஐஆரையே 1.5 நொடிக்குக் குறைத்து, கடைசி அரை நொடியை மெதுவாக ஃபேட் செய்துவிடுங்கள்.

வசனம் புரிவதற்கு, குரலை இரண்டாகப் பிரித்து 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் அண்டாவுக்கு அனுப்புங்கள். மேலே உள்ளதை உலர்ந்தபடியே விட்டு, மிகக் குறுகிய ரிவெர்ப் ஒன்றால் தொட்டுவிட்டால் போதும். வல்லினம் வெளியே நிற்கும், உயிரொலிகள் மட்டும் பாத்திரத்துக்குள் போகும்.

கூடத்து மைக்

நேற்றிரவு மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, 100 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை 15 நொடி ஸ்வீப்பை அண்டாவுக்குள் ஒலிக்கவிட்டேன். ஸ்பீக்கர் சிறியது என்பதால் அதற்கும் கீழே போக முயலவில்லை. தாம்பாளத்தை முதலில் அப்படியே வைத்தபோது ஸ்வீப் ஓரிடத்தைக் கடக்கையில் அது கிடுகிடுவென்று அதிர்ந்து, ஐஆர் முழுவதும் கரகரப்பு ஏறிவிட்டது. விளிம்பில் ஈரத்துணியைச் சுற்றிய பிறகு அடங்கியது. கிடைத்த ஐஆர் ஒரு நொடியைக்கூட எட்டவில்லை. ஆனால் அதை ஏற்றியதும் குரல் முதன்முறையாக எதற்கோ உள்ளே இருந்து வந்தது. வெட் அளவு −9 டெசிபலில் நிற்கிறது, எந்தச் சொல்லும் வெடிக்கவில்லை. இதற்கு மேல் 1,500 ஹெர்ட்ஸ் பிரிப்பு தேவையா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். 2,500க்கு ஏற்றி வைத்தபோதுதான் வசனமும் புரிந்தது, பாத்திரமும் கலையவில்லை.

கரண்டியால் தட்டிய பழைய கோப்பைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. “தூர்த்துவிடாதே” என்பதன் கடைசி “ஏ”காரத்துக்கு மட்டும் அதைத் தனி சென்டில் (குரலின் பிரதியை அனுப்பும் தனித் தடத்தில்) வைத்து, நடிகையை அந்த இடத்தில் குரலை 196 ஹெர்ட்ஸுக்கு அருகே நிறுத்தச் சொல்லி மறுபடி பதிவுசெய்தேன். அந்த ஓர் உயிரொலியில் மட்டும் அண்டா முழுவதும் அதிர்கிறது.