ஆச்சிக்கு தூக்க மாத்திரை விடிஞ்சும் எறங்க மாட்டேங்கு, உடம்புல எத்தன மணி நேரம் நிக்கும்?

கல்லிடைப்பேரன்:
வணக்கம். எங்க ஆச்சிக்கு 78 வயசு, கல்லிடைக்குறிச்சில இருக்கா. தாத்தா போனதுல இருந்து தூக்கமே இல்லன்னு போன மாசம் டாக்டர் டயஸிபாம் 5 மில்லிகிராம் எழுதிக் குடுத்தாவ, ராத்திரிக்கு ஒண்ணு. மொத வாரம் நல்லாத்தான் இருந்துச்சு, நல்லா தூங்கி வெள்ளன எந்திரிச்சு வாசத் தெளிச்சு கோலம்லாம் போட்டா. இப்ப என்னன்னா காலைல பத்து மணி வரைக்கும் ஆளு தெளிய மாட்டேங்கா, நாக்கு குழறுது, தார்சாவுல இருந்து எறங்கும்போது தள்ளாடி விழப்போயி அம்மா புடிச்சுக்கிட்டாவ. மாத்திரை கூட்டவே இல்ல, அதே ஒண்ணுதான். எங்க தெருவுல ஒரு தாத்தா சோல்பிடெம் போடுதாரு, அவரு அஞ்சு மணிக்கே ஆத்துக்கு குளிக்கப் போயிருதாரு. ரெண்டும் தூக்க மாத்திரைதான, பொறவு ஏன் இப்படி? தண்ணி, மோர் நெறய குடுத்தா சீக்கிரம் எறங்குமா? மாத்திரைய நிப்பாட்டிருவோமான்னு அம்மா கேக்காவ.

அம்பை மருந்துக்கடை:
தம்பி, மொதல்ல ஒண்ணு, நீங்களா பட்டுன்னு நிப்பாட்டிராதீங்க. தெனமும் போட்டு உடம்பு பழகினப்பறம் திடீர்னு விட்டா தூக்கம் முன்னைய விட மோசமாப் போகும், படபடப்பு, நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வந்துரும். எழுதுன டாக்டர்ட்டயே போய் கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணும். அதே சமயம் அடுத்த செக்கப் வரைக்கும் காத்துக்கிட்டும் இருக்காதீங்க, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.

இப்ப விஷயத்துக்கு வாரேன். டயஸிபாம் கொழுப்புல கரையுற மருந்து. முழுங்கி ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல ரத்தத்துல உச்சத்துக்கு வந்துரும், மூளைக்கும் டக்குன்னு போகும். பொறவு ரத்தத்துல இருந்து உடம்புக் கொழுப்புக்குள்ள போய் ஒதுங்கிக்கிடும். அதனால மொத நாள் காலைல தெளிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா மருந்து வெளிய போயிருக்காது. வயசாக ஆக உடம்புல தண்ணியும் தசையும் கொறஞ்சு கொழுப்போட பங்கு கூடும், ஒதுங்க எடமும் கூடுது. இந்த மருந்து பாதியாக் கொறைய 20 வயசுக்காரருக்கு சுமார் 20 மணி நேரம்னா, 80 வயசுல 90 மணி நேரம் வரைக்கும் போகும். ஆச்சிக்கு 80 மணின்னே வெச்சுக்கிட்டாலும் மறுநா ராத்திரி அடுத்த மாத்திரை போடும்போது முந்துனதுல நூத்துக்கு எண்பது பங்கு உள்ளதான் இருக்கும். அது மேல இது, இது மேல அதுன்னு ரெண்டு வாரத்துக்கு மேல ஏறிக்கிட்டே போயி மொத நாள் இருந்தது மாதிரி அஞ்சு மடங்கு கிட்ட சேந்துதான் நிக்கும். மொத வாரம் நல்லாருந்தா, இப்ப தள்ளாடுதான்னா காரணம் இதுதான். போதாததுக்கு கல்லீரல் டயஸிபாம ஒடைக்கும்போது டெஸ்மெத்தில்டயஸிபாம்னு ஒண்ணு வரும், அதுக்கும் தூக்கம் குடுக்குற குணம் உண்டு, டயஸிபாம விட அதிக நேரம் நிக்கும்.

தண்ணி, மோர் குடிச்சா எறங்காது. கொழுப்புல கரையுற மருந்த சிறுநீரகம் வடிகட்டினாலும் திரும்ப ரத்தத்துக்கே உறிஞ்சிக்கிடும். கல்லீரல் அத தண்ணில கரையுற மாதிரி மாத்தினாத்தான் மூத்திரத்துல போகும், அதுக்கு ஆகுற நேரம் ஆகத்தான் செய்யும். மோர் தாகத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

பாளை நர்ஸக்கா:
அண்ணாச்சி சொன்னது சரி. தம்பி, ஆச்சி வேற என்ன மாத்திரையெல்லாம் போடுதாவ? கேஸ் மாத்திரை உண்டா? வயசானவங்க இடுப்பெலும்பு ஒடைஞ்சு வந்து படுக்குறத நான் வார்டுல பாத்து மனசு வெறுத்துப் போயிருக்கேன், விழுந்தா பழைய மாதிரி நடக்குறது ரொம்பக் கஷ்டம், அதான் கேக்கேன். டாக்டரப் பாத்து சரியாகுற வரைக்கும் ராத்திரி ஒண்ணுக்குப் போக தனியா எந்திரிக்க விடாதீங்க, லைட்டப் போட்டே வைங்க.

கல்லிடைப்பேரன்:
ஆமாக்கா, நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் காலைல வெறும் வயித்துல. அதுவும் இதே சமயத்துலதான் ஆரம்பிச்சது. வேற டாக்டர் எழுதுனது.

பாளை நர்ஸக்கா:
நெனச்சேன். டயஸிபாம ஒடைக்க கல்லீரல்ல இருக்குற ஒரு நொதியையே ஓமெப்ரசோல் மந்தமாக்கிரும், அதனால டயஸிபாம் இன்னும் மெதுவாத்தான் வெளியேறும். பிறவிலயே அந்த நொதி வேலை செய்யாதவங்களும் உண்டு, வெள்ளைக்காரங்கள விட நம்ம பக்கம் கூடுதல். பான்டோப்ரசோலுக்கு இந்தத் தொல்லை கெடையாது, ஆனா மாத்தலாமான்னு டாக்டர்தான் சொல்லணும். ரெண்டு சீட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க, இவரு எழுதுனது அவருக்குத் தெரியாம இருக்கும்.

அம்பை மருந்துக்கடை:
அந்தத் தாத்தா சங்கதி: சோல்பிடெம் ரெண்டரை மணி நேரத்துலயே பாதியாக் கொறஞ்சுரும், அதான் வெள்ளன ஆத்துக்குப் போறாரு. ஆனா அதையும் லேசா நெனைக்க வேண்டாம். வயசானவங்களுக்கு ரத்தத்துல அளவு கூடும், ஈரல் சுருங்குன நோயாளிக்கு பாதியாகவே 10 மணி நேரம் கிட்ட ஆகும். பொம்பளைங்களுக்கு மெதுவா வெளியேறுதுன்னு 2013ல அமெரிக்காவுல அவங்க டோஸ 10ல இருந்து 5 மில்லிகிராமா கொறைக்கச் சொன்னாங்க. வயிறு நெறய சாப்ட்டு ஒடனே போட்டா வேலை செய்யவும் லேட்டாகும், கேக்கலன்னு இன்னொரு பாதிய முழுங்கிட்டு காலைல மயங்கிக் கெடக்குறவங்க உண்டு. ஆச்சிக்கு இதக் குடுத்துப் பாப்போம்னு அவருட்ட ஒண்ணு வாங்கிக் குடுத்துராதீங்க. இருக்குறதே இன்னும் உடம்ப விட்டுப் போகல, அது மேல இன்னொண்ணுன்னா மூச்சே மந்தமாகும். எழுப்பினா முழிக்கலன்னாலோ மூச்சு மெதுவா வந்தாலோ யோசிக்காம 108க்கு அடிச்சு பாளை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போயிருங்க.

கல்லிடைப்பேரன்:
நாளைக்குக் காலைலயே ரெண்டு சீட்டையும் கொண்டு போறோம் அண்ணாச்சி, அக்கா. அம்மாட்ட நிப்பாட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். டாக்டர் என்ன சொல்லுதாவன்னு வந்து இங்கயே போடுதேன்.