ஒசோரே மலை ஏரி: அமில நீரில் மீன் உப்பைக் காப்பது எப்படி?

கேள்வி:
ஜப்பானின் அவோமோரி மாகாணத்தில், ஒசோரே மலையின் எரிமலை ஏரி நீர் ஏறத்தாழ 3.5 பி.எச். அளவுக்கு அமிலத்தன்மை கொண்டது என்றும், அதில் உகுயி என்னும் கெண்டைக் குடும்ப மீன் வாழ்கிறது என்றும் படித்தேன். வானவில் டிரவுட் போன்ற மீன்கள் 4 பி.எச்.-ஐ நெருங்கும் நீரிலேயே மடிந்துவிடுகின்றன. அமிலம் உடலை அரிப்பதால் இறக்கின்றனவா, உப்பு இழப்பால் இறக்கின்றனவா? உகுயி மட்டும் தப்புவது எப்படி?

மறுமொழி 1:
உப்பு இழப்பே முதன்மைக் காரணம். நன்னீர் மீனின் குருதியில் சோடியம், சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு மிகுதியாக இருப்பதால், உப்பு செவுள் வழியே ஓயாமல் கசிகிறது. மீன் அதைச் செவுளால் நீரிலிருந்து உறிஞ்சியும் உணவிலிருந்து பெற்றும் ஈடுகட்டுகிறது. அமில நீரிலோ மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. உறிஞ்சுதல் தடைபடுகிறது; அத்துடன், செவுள் செல்களுக்கு இடையிலான இணைப்புகளை இறுக்கி வைத்திருக்கும் கால்சியத்தை ஹைட்ரஜன் அயனிகள் பெயர்த்துவிடுவதால் கசிவும் பெருகுகிறது. இவ்விரண்டில் கசிவையே பெரிய கேடாகக் கருதுகிறேன். குருதியின் சோடியமும் குளோரைடும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும், நீர் குருதியிலிருந்து திசுக்களுக்குள் நகர்கிறது. தடித்துப்போன குருதியை இதயத்தால் செலுத்த இயலாமல் மீன் இறக்கிறது.

மறுமொழி 2:
உகுயியைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-இல் விரிவாக எழுதினார்கள். அமில நீரில் அதன் செவுளில் மைட்டோகாண்ட்ரியா மிகுந்த செல்கள் பெருகிக் கொத்துக்கொத்தாக அமைகின்றன. அவற்றின் வெளிப்புறச் சவ்விலுள்ள ஒரு புரதம், ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளிச் சோடியத்தை உள்ளே எடுக்கிறது. வெளியே ஏற்கெனவே அமிலம் நிறைந்திருக்கையில் இது எவ்வாறு இயலும் என்பதுதான் இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. செவுளிலிருந்து வெளியேறும் அம்மோனியா, அருகிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளைப் பற்றிக்கொண்டு அவ்விடத்து அமிலத்தைத் தணிக்கிறது என்பது இன்று முன்வைக்கப்படும் விளக்கம். குளூட்டமின் என்னும் அமினோ அமிலத்தின் சிதைவில் அம்மோனியாவுடன் உண்டாகும் பைகார்பனேட்டு, உடலுக்குள் புகுந்த அமிலத்தையும் நடுநிலையாக்குகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், நீரில் கால்சியத்தைக் கூட்டினால் டிரவுட் பிழைக்குமா?

மறுமொழி 1:
ஓரளவு தாங்கும். அமில மழையால் சால்மன் மீன்கள் அழிந்த நார்வே ஆறுகளில் சுண்ணாம்புக்கல் தூள் இடுவதற்கு இதுவும் ஒரு பயன். ஆனால் அங்கே அமிலத்தைத் தணிப்பதும், செவுளைத் தாக்கும் அலுமினியத்தின் நச்சைக் குறைப்பதுமே முதல் நோக்கம்.

மறுமொழி 3:
நியான் டெட்ராவையும் இங்கே சேர்க்க வேண்டும். அமேசான் படுகையின் கருநீரில் (மட்கிய இலைதழைகளால் கறுத்த அமில நீரில்) வாழும் இம்மீனின் சோடியம் உறிஞ்சுதல், பி.எச். 6.5-இலிருந்து 3.5-க்கு இறங்கினாலும் குறைவதில்லை. உகுயிகூட முட்டையிடுவதற்கு ஏரியை விட்டு நடுநிலை நீருள்ள ஓடைக்குச் செல்கிறது.